தொகுதிக் கோரிக்கை கோட்டைக்குப் போகும் வழி: புதிய சட்டமன்ற உறுப்பினர்களுக்கும் அவர்களின் உதவியாளர்களுக்கும்

தமிழ்நாடு சட்டமன்றப் பேரவை ஆண்டில் கூடுவது சில பத்து நாட்கள்தான். உறுப்பினர்கள் 234 பேர். வினா நேரம் ஒரு மணி. மானியக் கோரிக்கை (ஒவ்வொரு துறையும் தன் செலவுக்கு அவையின் ஒப்புதல் கேட்பது) விவாதத்தில் கட்சி பலத்தைப் பொறுத்து நேரம் பிரியும். அதில் முதன்முறை வந்தவருக்குக் கிடைப்பது சில நிமிடம். இந்தச் சில நிமிடத்தில் ஒரு கிராமப்புறத் தொகுதிக்கு என்ன வாங்க முடியும் என்பது, பேரவையும் தலைமைச் செயலகமும் இருக்கும் கோட்டைக்குள் நுழைவதற்கு முன்பே பெரும்பாலும் முடிவாகியிருக்கும்.

காரணம் இதுதான். நீங்கள் அவையில் கேட்கும் கேள்விக்கு அமைச்சர் வாசிக்கும் பதில் கோட்டையில் பிறப்பதில்லை. வினா ஏற்கப்பட்டதும் துறைச் செயலாளருக்குப் போகும். அங்கிருந்து இயக்குநருக்கோ தலைமைப் பொறியாளருக்கோ, அங்கிருந்து மாவட்டத்துக்கு, கடைசியில் உங்கள் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் உதவிப் பொறியாளரின் மேசைக்கு. அவர் எழுதும் இரண்டு பத்திதான் அதே படிகளில் மேலேறி, வழியில் சற்றே மெருகேறி, அமைச்சர் கைக்கு வரும். அந்தப் பொறியாளர் "தற்போது தேவை எழவில்லை" என்று எழுதிவிட்டால் அவையில் நீங்கள் எவ்வளவு உருக்கமாகப் பேசினாலும் அதுதான் பதில். ஆகவே கேள்வி கேட்பதற்கு முன் அந்த உதவிப் பொறியாளரைப் போய்ப் பாருங்கள். வழிகாட்டியின் மீதிப் பகுதி எல்லாம் இதன் விரிவுதான்.

ஆண்டின் ஓட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

வழக்கமான ஆண்டில் முதல் கூட்டம் ஆளுநர் உரையுடன் தொடங்கும். பிப்ரவரி அல்லது மார்ச்சில் நிதிநிலை அறிக்கை வரும். 2021 முதல் வேளாண்மைக்குத் தனி நிதிநிலை அறிக்கையும் வைக்கப்படுகிறது. அதன்மேல் பொது விவாதம், நிதியமைச்சர் பதிலுரை, பிறகு துறைவாரியாக மானியக் கோரிக்கைகள். இரண்டு கூட்டத்தொடர்களுக்கு நடுவே ஆறு மாதத்துக்கு மேல் இடைவெளி கூடாது என்று அரசமைப்புச் சட்டத்தின் 174ஆவது பிரிவு சொல்வதால், ஆண்டின் பிற்பகுதியில் ஒரு குறுகிய கூட்டமும் இருக்கும். நிதிநிலை அறிக்கைக்குமேல் தேவைப்படும் கூடுதல் செலவுக்கான துணை மதிப்பீடுகள் அங்கே வரும். தேர்தல் ஆண்டில் இந்த வரிசை மாறும்: 2021இல் பிப்ரவரியில் இடைக்கால நிதிநிலை அறிக்கையும், ஆகஸ்டில் புதிய அரசின் திருத்திய நிதிநிலை அறிக்கையும் வந்தன.

புதியவர்கள் இங்கேதான் முதலில் ஏமாறுகிறார்கள். ஏப்ரலில் மானியக் கோரிக்கையின்போது ஒரு புதிய கட்டடம் கேட்டால் அது அந்த ஆண்டுக் கணக்கில் நுழைவது கடினம். துறைகள் அடுத்த ஆண்டுக்கான மதிப்பீட்டை மழைக்காலத்திலேயே தயாரிக்கத் தொடங்கி, தை பிறக்கும் நேரத்தில் ஏறக்குறைய முடித்துவிடும். உங்கள் கருத்துரு (வேலையை முன்மொழிந்து அலுவலகம் மேலே அனுப்பும் கோப்பு) அக்டோபரில் மாவட்டத்தைத் தாண்டியிருந்தால் மார்ச் அறிவிப்பில் இடம்பெற வாய்ப்பு உண்டு. ஏப்ரலில் பேசத் தொடங்கினால் அது அடுத்த ஆண்டுக்கான விதை.

சட்டப்படியான சில சிறு விஷயங்களை இங்கேயே சொல்லிவிடலாம். உறுதிமொழி ஏற்காமல் அவையில் அமர்ந்தாலோ வாக்களித்தாலோ நாளொன்றுக்கு 500 ரூபாய் அபராதம். அவையின் அனுமதி இல்லாமல் 60 நாள் கூட்டங்களுக்கு வராமலிருந்தால் இடம் காலியானதாக அவை அறிவிக்கலாம். கட்சிக் கொறடாவின் (அவையில் கட்சி உறுப்பினர்களை ஒருங்கிணைப்பவர்) உத்தரவை மீறி வாக்களித்தால் கட்சித் தாவல் சட்டம் பாயும். மற்றபடி பேரவை விதிகள் நூலைச் செயலகத்தில் வாங்கி வினா, கவன ஈர்ப்பு, மானியக் கோரிக்கை ஆகிய மூன்று அத்தியாயங்களை மட்டுமாவது பேனாவும் கையுமாகப் படியுங்கள்.

எது யார் கையில்?

தொகுதிக்குள் வண்டியில் போனால் மனு மழை பொழியும். சாலை, பாலம், தண்ணீர், பேருந்து, மின்சாரம், பள்ளி, ஆஸ்பத்திரி, ஏரி, நெல் கொள்முதல், பட்டா. இவற்றை ஊர்வாரியாக அடுக்கிவைப்பது பலர் செய்யும் தவறு. துறைவாரியாக அடுக்குங்கள். ஏனென்றால் அவையில் நாட்கள் துறைவாரியாகத்தான் பிரிக்கப்படுகின்றன.

சாலையை எடுத்துக்கொள்வோம். ஒரே ஊருக்குப் போகும் பாதையில் முதல் மூன்று கிலோமீட்டர் மாவட்ட இதர சாலையாக இருக்கும், அடுத்த இரண்டு ஊராட்சி ஒன்றியச் சாலை, ஊருக்குள் இருப்பது ஊராட்சிச் சாலை. முதலாவது நெடுஞ்சாலைத் துறை, மற்ற இரண்டும் ஊரக வளர்ச்சித் துறை. நெடுஞ்சாலைத் துறை மானியக் கோரிக்கை நாளில் ஒன்றியச் சாலையைப் பற்றிப் பேசினால், "அது எங்கள் துறைச் சாலை அல்ல" என்ற ஒரு வரியில் உங்கள் நேரம் முடிந்தது. அந்தச் சாலையை மாவட்ட இதர சாலையாகத் தரம் உயர்த்தக் கேட்பதானால் நெடுஞ்சாலைத் துறையிடம் கேட்கலாம். ஆனால் அதற்குப் பேருந்து ஓடுகிறதா, இரண்டு பெரிய சாலைகளை இணைக்கிறதா, அகலப்படுத்த இடம் இருக்கிறதா என்பதைக் காட்ட வேண்டும். கிராமச் சாலையின் தார்ப்பரப்பு வழக்கமாக 3.75 மீட்டர், சில இடங்களில் 3 மீட்டர். இரு வழிச் சாலைக்கு 7 மீட்டர் வேண்டும். பக்கத்து வயல் பட்டா நிலமாக இருந்தால் நிலமெடுப்பு வரும். வந்தால் ஆண்டுகள் ஓடும். தேசிய நெடுஞ்சாலை ஒன்றிய அரசின் பொறுப்பு. அதற்கு நாடாளுமன்ற உறுப்பினரையும் சேர்த்துக்கொள்ளுங்கள், பேரவை நேரத்தைச் செலவழிக்காதீர்கள்.

ஏரியும் இப்படித்தான். 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு (ஏரி நீரில் பாசனம் பெறும் நிலம்) இருந்தால் நீர்வளத் துறை, குறைவாக இருந்தால் ஊராட்சி ஒன்றியம். ஏரி பெரிதாகத் தெரிவதை வைத்து முடிவு செய்யாதீர்கள், ஆயக்கட்டுப் பதிவேட்டைப் பாருங்கள். வரத்துக் கால்வாய் ஒரு துறையிடமும் ஏரி இன்னொரு துறையிடமும் இருக்கும் இடங்கள் உண்டு. ஏரியைத் தூர்வாரிவிட்டு வரத்துக் கால்வாயை விட்டுவிட்டால் மழை பெய்தும் ஏரி நிரம்பாது. கோரிக்கையில் இரண்டையும் சேர்த்து எழுதுங்கள், இரு துறைக்கும் தனித்தனியாக. தடுப்பணை கேட்கும்போது கீழ்ப்பகுதி ஆயக்கட்டுக்காரர்களிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டுக் கேளுங்கள். உங்கள் தொகுதியின் கடைமடையிலிருந்தே எதிர்ப்பு மனு போனால் கோப்பு அங்கேயே படுத்துவிடும்.

நெல் கொள்முதலில் இன்னொரு குழப்பம். நேரடி நெல் கொள்முதல் நிலையம் திறப்பது மாவட்ட ஆட்சியரும் நுகர்பொருள் வாணிபக் கழக மண்டல மேலாளரும் சேர்ந்து முடிவு செய்வது. அதற்கு வேண்டியது அறுவடை தொடங்கும் முன்பே எழுத்தில் ஒரு கோரிக்கை, களத்துக்கு இடம், லாரி வந்து திரும்பப் பாதை. ஆனால் ஈரப்பத வரம்பான 17 விழுக்காட்டைத் தளர்த்துவது ஒன்றிய அரசின் கையில். அவையில் மாநில அமைச்சரிடம் "22 விழுக்காடு வரை வாங்குவீர்களா" என்று கேட்டால் "ஒன்றிய அரசுக்கு எழுதுவோம்" என்பதற்குமேல் அவரால் சொல்ல முடியாது. கேள்வியை "எந்தத் தேதியில் எழுதப்பட்டது, ஆய்வுக் குழு எப்போது வருகிறது" என்று கேட்டால் பதிலில் சதை இருக்கும்.

மின்சாரத்தில் "மின்னழுத்தம் குறைவு" என்று மட்டும் எழுதுவது வீண். எந்த மின்மாற்றி, அதன் திறன் 63 கே.வி.ஏ.வா 100 கே.வி.ஏ.வா, எத்தனை வீட்டு இணைப்பு, எத்தனை பம்ப்செட், கடைசி இணைப்பு எவ்வளவு தூரம் என்று வேண்டும். இது மின்வாரியச் செயற்பொறியாளர் அளவிலேயே முடியக்கூடிய வேலை, பேரவைக்குப் போக வேண்டியதே இல்லை. புதிய துணை மின் நிலையம் வேண்டுமென்றால்தான் அவை. அதற்கும் முதல் கேள்வி இடம் எங்கே என்பதுதான்.

கோப்பை முதலில் நகர்த்துங்கள்

பட்டியலிலிருந்து பத்துக்கு மிகாமல் பெரிய வேலைகளைத் தேர்ந்தெடுங்கள். 2022 ஆகஸ்டில் முதலமைச்சர் 234 உறுப்பினர்களையும் தொகுதியில் நீண்டகாலமாக நிறைவேறாத பத்துக் கோரிக்கைகளை மாவட்ட ஆட்சியரிடம் தரச் சொன்னபோது, பல அலுவலகங்கள் தங்களிடமிருந்த நூற்றுக்கணக்கான மனுக்களில் எந்தப் பத்து என்று தெரியாமல் திணறியதாகப் பேச்சு. எப்போதும் ஒரு பத்து தயாராக இருக்கட்டும்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு கோப்பு. அதில் இருக்க வேண்டியவை:

1. கிராமசபைத் தீர்மான நகல். ஆண்டில் ஆறு நாட்கள் கிராமசபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஊராட்சி மன்றம் இல்லாமல் தனி அலுவலர் பொறுப்பில் இருக்கும் காலத்திலும் தீர்மானப் பதிவேடு உண்டு.

2. நிலம். சர்வே எண், புலப்படம் (நில அளவை வரைபடம்), அ-பதிவேட்டு (கிராம நில விவரப் பதிவேடு) நகல், நிலத்தின் வகைப்பாடு. நீர்நிலைப் புறம்போக்கில் கட்டடம் கேட்காதீர்கள், நீதிமன்ற உத்தரவுகள் குறுக்கே நிற்கும். மேய்ச்சல் புறம்போக்கென்றால் வகைமாற்றம் வேண்டும், அதற்கு மாற்று நிலம் கேட்பார்கள். கிராமத்தில் கட்டடங்கள் தாமதமாவதற்குப் பணத்தைவிட நிலம்தான் பெரிய காரணம்.

3. நடப்பு ஆண்டு விலைப்பட்டியலின்படி போட்ட திட்ட மதிப்பீடு. போன வருட மதிப்பீட்டோடு போகும் கருத்துரு, "திருத்தி அனுப்புக" என்ற குறிப்போடு கீழே வரும். அப்படி ஒருமுறை இறங்கி ஏறுவதற்குள் கூட்டத்தொடர் முடிந்துவிடும்.

4. கருத்துருவின் எண்ணும் தேதியும், இப்போது அது நிற்கும் மேசையும். ஒற்றை வரிதான், ஆனால் கோப்பிலேயே விலை மதிப்புள்ள வரி.

இதோடு துறையின் அளவுகோலையும் எழுதி வையுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சமவெளியில் 30,000 மக்கள், மலைப்பகுதியில் 20,000. துணை சுகாதார நிலையத்துக்கு 5,000, மலையில் 3,000. உங்கள் ஊரில் 2,600 பேர்தான் என்றால் எண்ணிக்கையைக் கொண்டு வாதாட முடியாது, தூரத்தையும் போக்குவரத்து இல்லாமையையும் கொண்டுதான் வாதாட வேண்டும். பள்ளித் தரம் உயர்த்துவதிலும் அடுத்த பள்ளிக்கு உள்ள தூரம், சுற்றுப்புறத் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளிலிருந்து வரக்கூடிய பிள்ளைகளின் எண்ணிக்கை, கட்டடத்துக்கு இடம் ஆகிய மூன்றும்தான் கணக்கு. பகுதிநேர நியாயவிலைக் கடைக்குக் குடும்ப அட்டை எண்ணிக்கையும் நடை தூரமும்.

மலைத் தொகுதி உறுப்பினர்களுக்குத் தனியாக ஒன்று. காப்புக்காட்டுக்குள் சாலை, பள்ளி, குடிநீர்க் குழாய் என்றால் "வனத்துறை அனுமதி இல்லை" என்றே எல்லா பதிலும் முடியும். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவு இதற்கு ஒரு வாசல் வைத்திருக்கிறது. பள்ளி, மருந்தகம், அங்கன்வாடி, சாலை, குடிநீர் உள்ளிட்ட 13 வகை வசதிகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்கு மிகாமலும் ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டாமலும் இருந்தால், கிராமசபைப் பரிந்துரையோடு அனுமதி பெறலாம். கேள்வியில் இந்தப் பிரிவைக் குறிப்பிட்டாலே பதில் எழுதுகிறவர் சட்டப் புத்தகத்தை ஒருமுறை திறந்து பார்க்க வேண்டிவரும்.

வினா எழுதுவது

நட்சத்திரக் குறியிட்ட வினாவுக்கு அமைச்சர் அவையில் வாயால் பதில் சொல்வார், அதன்மேல் துணை வினா கேட்கலாம். குறியிடாததற்கு எழுத்தில் பதில் வரும். பேர் கிடைப்பது முதலாவதில். வேலை நடப்பது பல சமயம் இரண்டாவதில். எண்ணிக்கை, தேதி, செலவுக் கணக்கு, காலிப் பணியிடம் போன்றவற்றைக் குறியிடாத வினாவில் கேட்டு வாங்குங்கள். எழுத்தில் வந்த எண் அடுத்த கூட்டத்தொடரில் உங்களுக்கு ஆயுதம்.

ஒரு வினாவில் ஒரே பொருள் இருக்க வேண்டும். வாதம், குற்றச்சாட்டு, ஊகம் கூடாது. நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ளது கூடாது. அண்மையில் பதில் சொல்லப்பட்டது திரும்ப வரக் கூடாது. அதனால் எழுதும் முன் உங்களுக்கு முன்பிருந்தவர், அவர் எந்தக் கட்சியானாலும், அதே பொருளில் என்ன கேட்டார், என்ன பதில் வந்தது என்று பழைய அவைக்குறிப்பைத் தேடிப் பாருங்கள். "2 கி.மீ.க்குள் இன்னொரு நிலையம் இருப்பதால் தேவை எழவில்லை" என்று முன்பே சொல்லியிருந்தால், உங்கள் வினா அந்தக் காரணத்தை எதிர்கொள்வதாக இருக்க வேண்டும்.

வழக்கமாக வரும் வினா இது: "இன்ன தொகுதி, இன்ன ஊராட்சியில் உயர்மட்டப் பாலம் அமைக்க அரசு முன்வருமா?" இதற்கு "நிதிநிலைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்" என்று பதில் எழுத ஒரு நிமிடம்கூட ஆகாது. இதையே இப்படி எழுதிப் பாருங்கள்: "(அ) இன்ன ஆற்றின் குறுக்கே உள்ள தரைப்பாலம் கடந்த மூன்று ஆண்டுகளில் மழைக்காலத்தில் எத்தனை நாட்கள் மூழ்கியிருந்தது? (ஆ) உயர்மட்டப் பாலத்துக்கான கருத்துரு இன்ன தேதியில் கோட்டப் பொறியாளரால் அனுப்பப்பட்டதா? (இ) ஆம் எனில், அது இப்போது எந்த நிலையில் உள்ளது?" இந்த மூன்றுக்கும் உண்மையைச் சொல்லாமல் நழுவ முடியாது. முதல் உட்பிரிவுக்குப் பதில் எழுத மாவட்டத்தில் யாராவது ஒருவர் அந்தத் தரைப்பாலம்வரை போயாக வேண்டும்.

துணை வினா பிறர் கேள்வியிலும் கேட்கலாம் என்பதால், அன்றைய வினாப் பட்டியலை முந்தைய மாலையே பார்த்துவிடுங்கள். பக்கத்து மாவட்டத்துக்காரர் தடுப்பணை கேட்டிருந்தால் உங்களுடையதும் வாயில் தயாராக இருக்கட்டும். இரண்டு வரிக்கு மேல் போகாதீர்கள். மூலக் கேள்விக்குத் தொடர்பில்லாமல் கேட்டால் "தனி வினாவாக எழுதிக் கொடுங்கள்" என்று பேரவைத் தலைவர் உட்காரவைப்பார். வினா நேரம் 2022 ஜனவரியிலிருந்து நேரலையாகவும் ஒளிபரப்பாகிறது. ஊரில் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

மானியக் கோரிக்கை நாள்

விவாதத்துக்கு முன் துறையின் கொள்கை விளக்கக் குறிப்பு கையில் வரும். அதை இரண்டு இடத்தில் மட்டும் படித்தால் போதும் என்பது அனுபவசாலிகளின் கணக்கு: போன ஆண்டு அறிவிப்புகள் இப்போது எந்த நிலையில் என்ற பகுதி, உங்கள் மாவட்டம் பெயரோடு வரும் அட்டவணைகள். ஊரக வளர்ச்சி 42ஆம் எண் மானியக் கோரிக்கை, பள்ளிக் கல்வி 43, மக்கள் நல்வாழ்வு 19, நெடுஞ்சாலை 21, வேளாண்மை 5. கிராமப்புற உறுப்பினர் இந்த ஐந்தில் எதில் பேசுவது என்று கொறடாவிடம் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். எல்லோரும் 42ஐக் கேட்பார்கள். கூட்டம் குறைந்த துறையில் நேரம் தாராளமாகக் கிடைக்கும். கால்நடை பராமரிப்பிலோ கூட்டுறவிலோ பேசி, மருந்தகக் கட்டடமும் கூட்டுறவுச் சங்கக் கிடங்கும் வாங்கிப்போனவர்கள் உண்டு.

பேச்சு எட்டு நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தலைவர்களை வாழ்த்துவதில் அரை நேரம் போய்விடுவது நம் அவையின் பழைய வழக்கம். 2021 ஆகஸ்டில் முதலமைச்சரே தன் கட்சி உறுப்பினர்களிடம் புகழுரையைக் குறைக்கச் சொல்லிக் கண்டிக்கும் அளவுக்குப் போனது. வாழ்த்துக்கு ஒரு வாக்கியம். பிறகு துறையின் கொள்கை சார்ந்த ஒரு கருத்து, அது தொகுதியைத் தாண்டி எல்லா கிராமத்துக்கும் பொருந்துவதாக இருக்கட்டும். பத்திரிகை எடுப்பது அதைத்தான். அதன்பின் மூன்றே மூன்று கோரிக்கை. பதினைந்து ஊர்ப் பெயரை மூச்சுவிடாமல் வாசித்தால் அவைக்குறிப்பில் ஏறும், அமைச்சரின் குறிப்புத்தாளில் ஏறாது. மீதியைத் தட்டச்சுசெய்து, பேசி முடித்த கையோடு அமைச்சரிடமும் நகலைத் துறைச் செயலாளரிடமும் கொடுங்கள். அதிகாரிகள் அவையின் ஓரத்து மாடத்தில் உட்கார்ந்து குறிப்பெடுப்பார்கள். பதிலுரையில் உங்கள் ஊர் வருமா என்பது அவர்களின் கையில் இருக்கும் தாளைப் பொறுத்தது.

வெட்டுத் தீர்மானம் எதிர்க்கட்சி உறுப்பினர்களின் கருவி. கொள்கையை ஏற்காவிட்டால் மானியத்தை ஒரு ரூபாயாகக் குறைக்கக் கோருவது, சிக்கனத்துக்காக ஒரு தொகையைக் குறைக்கக் கோருவது, ஒரு குறையைச் சுட்ட அடையாளமாக 100 ரூபாய் குறைக்கக் கோருவது என மூன்று. தொகுதிப் பிரச்சினைக்கு மூன்றாவதுதான் பொருத்தம். நிறைவேறாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அச்சிட்ட தீர்மானத்தில் உங்கள் ஊரின் குறை இடம்பெறும், துறை அதற்குக் குறிப்புத் தயாரித்தாக வேண்டும்.

கவன ஈர்ப்புத் தீர்மானம் அவசரமானவற்றுக்கு மட்டும்: வெள்ளத்தில் உடைந்த கரை, அறுவடையில் மூடிக்கிடக்கும் கொள்முதல் நிலையம், பயிரைத் தாக்கும் நோய். பத்து ஆண்டாக இல்லாத பாலத்தைக் கவன ஈர்ப்பில் கொண்டுவந்தால் "இதில் அவசரம் என்ன" என்று நிராகரிக்கப்படும். 110ஆம் விதியின் கீழ் முதலமைச்சரோ அமைச்சரோ அறிவிப்பு வாசிக்கும்போது விவாதம் கிடையாது. அதில் உங்கள் ஊர் வர வேண்டுமென்றால் அதற்கான வேலை வாரங்களுக்கு முன் துறையில் நடந்திருக்க வேண்டும்.

ஆதாரமில்லாமல் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டினால் அவைக்குறிப்பிலிருந்து நீக்கப்படும். நீக்கப்படும் பகுதியோடு பக்கத்திலிருந்த கோரிக்கையின் வேகமும் போய்விடும். ஒப்பந்ததாரர்மேல் கோபம் இருந்தால் அதை வேறு நாளில் வையுங்கள்.

அவை முடிந்த பிற்பகல்

கூட்டத்தொடர் நாட்களில் அவை கலைந்ததும் விடுதிக்குத் திரும்பி ஊரிலிருந்து வந்தவர்களைப் பார்ப்பதில் பொழுது போகும். ஓமந்தூரார் தோட்டத்து உறுப்பினர் விடுதியில் காலை ஆறரைக்கே வராந்தா நிறைந்துவிடும். அவர்களைக் காலையில் பாருங்கள், பிற்பகலை அலுவலகங்களுக்கு வையுங்கள்.

துறைச் செயலாளர்களைக் கோட்டையிலும் நாமக்கல் கவிஞர் மாளிகையிலும் பார்க்கலாம். ஆனால் கோப்பு பெரும்பாலும் இயக்குநரகத்தில் நிற்கும்: ஊரக வளர்ச்சிக்குச் சைதாப்பேட்டை பனகல் மாளிகை, நீர்வளத்துக்குச் சேப்பாக்கம், பள்ளிக் கல்விக்குக் கல்லூரிச் சாலை வளாகம், மக்கள் நல்வாழ்வுக்குத் தேனாம்பேட்டை, நெடுஞ்சாலைக்குக் கிண்டி. ஒரு நாளைக்கு ஒரு வளாகம் போதும். இயக்குநரைப் பார்த்துக் கைகுலுக்குவதோடு நிறுத்தாமல், உதவியாளரைச் சம்பந்தப்பட்ட பிரிவின் கண்காணிப்பாளரிடம் அனுப்பிக் கோப்பு எண்ணைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். மாவட்டத்திலிருந்து விளக்கம் கேட்டிருந்தால் அந்தக் கடிதத்தின் தேதியைக் குறித்துக்கொண்டு அன்று மாலையே மாவட்டத்துக்குப் போன் போட வேண்டும். சென்னையில் ஒரு மாதம் கிடக்கும் கேள்வி இப்படி மூன்று நாளில் தீரும்.

பதிலைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

"பரிசீலனையில் உள்ளது" என்றால் எந்த மேசையில் என்று கேளுங்கள். பல சமயம் கருத்துருவே வந்திருக்காது. "நிதிநிலைக்கேற்ப முன்னுரிமை அடிப்படையில்" என்றால் முன்னுரிமைப் பட்டியல் ஒன்று இருக்கிறது, அதில் உங்கள் வேலை எத்தனையாவது என்று குறியிடாத வினாவில் கேளுங்கள். "தேவை எழவில்லை" என்றால் ஏதோ ஒரு அளவுகோலில் தவறியிருக்கிறீர்கள். எது என்று தெரிந்துகொண்டு, விதிவிலக்குக் கேட்பதா கோரிக்கையை மாற்றுவதா என்று முடிவு செய்யுங்கள். "உறுப்பினர் தன் தொகுதி மேம்பாட்டு நிதியிலேயே செய்துகொள்ளலாமே" என்று அமைச்சர் சிரித்துக்கொண்டே சொல்வார். அவை முழுவதும் சிரிக்கும். அந்த நிதி 2019-20இல் ஆண்டுக்கு ரூ.3 கோடியாக உயர்த்தப்பட்டது. நூறு குக்கிராமம் உள்ள தொகுதிக்குப் பிரித்துப் பார்த்தால் ஓர் ஊருக்கு மூன்று லட்சம். அங்கன்வாடிக் கட்டடம், நியாயவிலைக் கடை, மேல்நிலைத் தொட்டி, நிழற்குடைக்கு அதை வையுங்கள், அவற்றை அவையில் கேட்டு மாட்டிக்கொள்ளாதீர்கள். பாலத்தையும் துணை மின் நிலையத்தையும் அவையில் கேளுங்கள்.

"இந்த நிதியாண்டிலேயே எடுத்துக்கொள்ளப்படும்" என்று சொன்னால் அது உறுதிமொழி. நாள், அமைச்சர், சொன்ன வாசகம் மூன்றையும் பதிவேட்டில் ஏற்றுங்கள். பேரவையின் அரசு உறுதிமொழிக் குழு இவற்றைத் துறைகளிடம் கேட்டுத் துரத்தும். குழு மாவட்டத்துக்கு ஆய்வுக்கு வரும்போது உங்கள் பதிவேடு கையில் இருக்க வேண்டும். ஊர்க்காரர்கள் நேரடியாகக் கொடுக்கும் மனுவுக்கு மனுக்கள் குழு இருக்கிறது. தனியொருவரின் பட்டா, ஓய்வூதியம் போன்றவற்றை அங்கே அனுப்பாமல், ஊர்ப் பொதுவான வேலைகளை அனுப்புங்கள்.

அறிவிப்பு வந்தபின்

அவையில் பெயர் வந்த அன்று ஊரில் பட்டாசு வெடிப்பார்கள். வெடிக்கட்டும், ஆனால் தேதி சொல்லாதீர்கள். அறிவிப்புக்குப் பின் நிர்வாக ஒப்புதலோடு நிதி ஒதுக்கும் அரசாணை, தொழில்நுட்ப ஒப்புதல், ஒப்பந்தப்புள்ளி, பணி ஆணை என நான்கு படி இருக்கிறது. நிலம் முன்பே தயாராக இருந்தால் சில மாதம். இல்லாவிட்டால் அரசாணை வந்தும் வேலை தொடங்காமல் நிதியாண்டு முடியும். இடையில் தேர்தல் அறிவிப்பு வந்து நடத்தை விதி நடைமுறைக்கு வந்தால் புதிய பணிக்கு ஒப்பந்தப்புள்ளி நின்றுவிடும். ஒப்பந்தப்புள்ளிக்கு யாரும் வராமல் போவதும் உண்டு. மலைக் கிராமத்துச் சிறு வேலைகளில் இது அடிக்கடி நடக்கும், ஜல்லி ஏற்றிப்போகும் செலவை மதிப்பீட்டில் சேர்க்காததுதான் பெரும்பாலும் காரணம். மறு மதிப்பீட்டுக்கு நீங்களே கடிதம் கொடுங்கள்.

தொகுதி அலுவலகம் கூட்டத்தொடர் நாட்களிலும் திறந்திருக்க வேண்டும். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்துக் குறைதீர்க்கும் நாளுக்கும், மாதாந்திர விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்துக்கும் யாராவது ஒருவர் போய் உட்கார்ந்து குறிப்பெடுத்துவரட்டும். அடுத்த கூட்டத்தொடருக்கான வினாக்களில் பாதி அங்கேயே கிடைக்கும். அவற்றுக்கான கருத்துரு எண்களை உதவிப் பொறியாளரிடமும் வட்டார வளர்ச்சி அலுவலரிடமும் வாங்கி, செப்டம்பர் முடிவதற்குள் மாவட்டத்தைத் தாண்டவைத்துவிடுங்கள்.